வாரண்டி தொடங்கும் தேதி

ஷோரூமில் கொடுக்கும் காபியைக் குடிக்கவே கூடாது என்பது என் கருத்து, ஐயா. நீங்கள் புது வண்டி வாங்கப் போகும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். குடித்துவிட்டால் அதற்குப் பிறகு அவர்கள் எதை நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். நான் குடிக்கவில்லை. என் மனைவிதான் குடித்தாள், அவள் பங்கோடு சேர்த்து என் பங்கையும். ஆனால் கடைசியில் வேண்டாம் என்று சொன்னது அவள், வேண்டும் என்று சொன்னது நான்.

கூடுதல் வாரண்டியைத்தான் சொல்கிறேன். வண்டிக்குக் கம்பெனியே மூன்று வருடம் வாரண்டி கொடுக்கிறது. அது முடிந்த மறுநாளிலிருந்து இன்னும் இரண்டு வருடம் வேண்டுமென்றால் நாம் தனியாகக் கட்ட வேண்டும். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், "எடுத்துக்கிட்டா ஒரு நிம்மதி சார்" என்றாள்.

எனக்கு அந்த நிம்மதி பற்றித் தெரியும். நான் ஒரு பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடையில் வேலை செய்கிறேன். பழுதான பொருளைத் திருப்பிக்கொண்டு வருகிறவர்கள் நிற்கும் கவுண்டர் என்னுடையது. வாஷிங் மெஷினையும் டிவியையும் குழந்தையைத் தூக்கி வருவதுபோல் தூக்கி வருவார்கள். நான் பில்லை வாங்கிப் பார்த்துவிட்டு, வாரண்டி போன வாரமே முடிந்துவிட்டது என்று சொல்வேன். முடியாமல் இருந்தால், உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று சொல்வேன். கத்துவார்கள், சிலர் அழுவார்கள். நான் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. என் மேலாளர் புதிதாகச் சேருகிறவர்களை என் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, எப்படிப் பேசுவது என்று இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்பார்.

இத்தனை வருடம் அந்தப் பக்கம் நின்றவர்களைப் பார்த்தவனுக்கு ஒரே ஒரு ஆசை இருக்கக் கூடாதா? ஒரு தடவையாவது நான் போய் நிற்க வேண்டும், எல்லாம் சரியாக இருக்க வேண்டும், எதிரில் இருப்பவர் வாயைத் திறக்க வழியில்லாமல் கையெழுத்துப் போட வேண்டும்.

"எதுக்குங்க இந்தத் தண்டச் செலவு? தம்பி இருக்கான்ல" என்றாள் என் மனைவி.

அவள் தம்பி, அதாவது என் மச்சினன், சொந்தமாக ஒரு பட்டறை வைத்திருக்கிறான். எந்த வண்டியாக இருந்தாலும் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவான். அன்றைக்கு அவனும் எங்களோடு வந்திருந்தான். ஷோரூமில் நின்ற மற்ற வண்டிகளின் கதவுகளைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தவன், எங்கள் பேச்சு காதில் விழுந்ததும் வந்தான்.

"என்ன மாமா, பொறக்காத புள்ளைக்கு இப்பவே ஆஸ்பத்திரில பெட்டு போடுறீங்களா?"

என் மனைவி சிரித்தாள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணும் சிரித்தாள். தான் விற்கிற சரக்கைக் கிண்டல் செய்கிறார்கள் என்பதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. நான் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். வாரண்டிக்காகப் போட்டேனா, அந்தச் சிரிப்பை நிறுத்துவதற்காகப் போட்டேனா என்று நீங்கள் கேட்கலாம். வாரண்டிக்காகத்தான்.

சிரிப்பு நிற்கவில்லை. மூன்று வருடம், எங்கே குடும்பமாகக் கூடினாலும், மச்சினன் என் உடல்நிலையை விசாரிக்க மாட்டான். "மாமா, வாரண்டி சௌக்கியமா?" என்பான். மாமனார் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சிரிப்பார். என் மனைவி வாயைப் பொத்திக்கொள்வாள். பொத்திக்கொண்டு சிரித்தால் நன்றாகவே கேட்கும். எனக்கு வலித்தது, ஐயா. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. யார் சிரித்தாலும் தாங்கிக்கொண்டிருப்பேன், அவள் சிரித்ததுதான் வலித்தது.

வண்டியும் என் பக்கம் நிற்கவில்லை. ஒரு பல்புகூட ஃபியூஸ் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் கழுவும்போது, நல்ல வண்டி என்று ஊரே சொல்லும் அந்த வண்டியின் மேல் எனக்குக் கோபம் கோபமாக வரும்.

நிபந்தனைகளை நான் முழுதாகப் படித்திருந்தேன். வெளி ஆள் யாராவது கைவைத்தால் வாரண்டி ரத்து. அதனால் மச்சினன் வீட்டுக்கு வந்தால் பானெட்டைத் திறக்க விடமாட்டேன். ஒரு தடவை வைப்பருக்குத் தண்ணீர் ஊற்றப் போனவனைக்கூடத் தடுத்தேன். "என் கை பட்டா வண்டி கரைஞ்சா போயிடும்?" என்று கேட்டான். அன்றைக்கு அவன் முகம் வாடிவிட்டது. அதற்குப் பிறகு அவன் எங்கள் வண்டிப் பக்கம் போவதில்லை. கேலியை மட்டும் விடவில்லை.

என் மனைவியின் வேலையையும் சொல்லிவிடுகிறேன். பக்கவாதம் வந்தவர்கள், எலும்பு முறிந்த பெரியவர்கள், இவர்களுக்கு வீடு வீடாகப் போய்க் கைகால் பயிற்சி கொடுப்பவள். நாள் முழுக்க வண்டியில்தான் இருப்பாள். காலையில் என்னைக் கடையில் இறக்கிவிட்டுத் தன் வேலைக்குப் போவாள். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்:

"சிக்னல்ல பிரேக்க மிதிச்சுக்கிட்டே நின்னா கால் மெதுவா கீழ போகுதுங்க. ஸ்பாஞ்ச மிதிச்ச மாதிரி."

நான் கீழே போய் மிதித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. பானெட்டைத் திறந்தால் பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைந்திருந்தது. மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் போயிருக்க வேண்டும். பெடலை மிதிக்கும்போது ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற பாகம் அது. வாரண்டியில் அந்தப் பாகத்தின் பெயர் போட்டே இருக்கிறது. நான் உங்களிடம் எதையும் மறைக்கப் போவதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பானெட்டைப் பிடித்துக்கொண்டு இருட்டும்வரை அப்படியே நின்றேன்.

பிறகுதான் தேதி ஞாபகம் வந்தது. கம்பெனியின் மூன்று வருடம் முடிய இன்னும் சில வாரங்கள் இருந்தன. மறுநாளே கொண்டுபோய் விட்டிருந்தால் கம்பெனியே இலவசமாக மாற்றிக் கொடுத்திருக்கும். நான் தனியாகக் கட்டியதற்கு அதில் ஒரு வேலையும் இருந்திருக்காது. மச்சினன் என்ன சொல்லியிருப்பான் என்று யோசித்துப் பாருங்கள். என் மனைவி மறுபடியும் வாயைப் பொத்தியிருப்பாள்.

சில வாரம்தான். யாராக இருந்தாலும் காத்திருப்பார்கள்.

அவளிடம் சொன்னேன்: "ஒரு தடவைக்கு ரெண்டு தடவையா மிதி. பெடல் மேல வந்துடும். மெதுவா ஓட்டு."

"ஷோரூம்ல காட்டிடலாமே?"

"சர்வீஸ் வருதுல்ல, அப்ப சேர்த்துக் காட்டிக்கலாம்."

"தம்பிகிட்ட ஒரு வார்த்தை…"

"அவன் ஸ்பேனர் பட்டா எல்லாம் போச்சு. வாயத் திறக்காத."

அவள் எதிர்த்துப் பேசுகிற ரகம் இல்லை. சரி என்றாள். நான் அக்கறையில்லாமல் இருந்துவிடவில்லை. தினமும் காலையில் அவள் குளிக்கும்போது கீழே போய்க் குறைந்த ஆயிலை ஊற்றி வைத்தேன். இல்லாவிட்டால் சிவப்பு விளக்கு எரிந்து அவள் பயந்திருப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் நான் பஸ்ஸில் போக ஆரம்பித்தேன். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. எனக்குத் தொப்பை போட்டிருந்தது. பஸ் நிறுத்தம்வரை நடப்பது உடம்புக்கு நல்லது என்று வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு ரொம்ப மகிழ்ச்சி. எத்தனையோ பேரை நடக்க வைத்தவள், என்னை மட்டும் நடக்க வைக்க முடியவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தாள். "இப்பதான் ஆளு பாக்க நல்லாருக்கீங்க" என்று என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். நான் ஜன்னலில் நின்று அவள் முனை திரும்பும்வரை பார்ப்பேன். முனையில் இரண்டு தடவை மிதிக்கிறாளா என்று பார்ப்பேன். மிதிப்பாள், பிரேக் விளக்கு இரண்டு தடவை எரியும். சொன்னதைச் சொன்னபடி செய்வாள்.

கூடுதல் வாரண்டி தொடங்கும் நாள் வந்தது. ஒன்றும் ஆகவில்லை. நான் செய்தது சரி என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்? அன்று கடைக்கு விடுமுறை சொல்லியிருந்தேன். புதுச் சட்டையெல்லாம் போட்டுக்கொண்டேன். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

என் வேலைதான் என்னைத் தடுத்தது. வாரண்டி தொடங்கிய அன்றைக்கே பழுது என்று ஒருவன் வந்து நின்றால் நான் என்ன நினைப்பேன்? முன்னாலேயே பழுதானதை வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறான், திருட்டுப் பயல் என்று நினைப்பேன். சிரித்த முகத்தோடு திருப்பி அனுப்புவேன். அப்படி அனுப்பியும் இருக்கிறேன். இவ்வளவு பொறுத்துவிட்டுக் கடைசிப் படியில் மூக்குடைபட எனக்கு மனமில்லை. மரியாதைக்கு இன்னும் ஒரு பத்துப் பதினைந்து நாள் போகட்டும் என்று முடிவு செய்தேன். சட்டையைக் கழற்றி மாட்டினேன்.

அதற்குள் இரண்டு தடவை மிதித்தாலும் பெடல் மேலே வருவதில்லை, மூன்று தடவை மிதிக்க வேண்டியிருந்தது. அவள் என்னிடம் மறுபடி எதுவும் கேட்கவில்லை. நான் அதைப் பொறுமை என்று நினைத்தேன். எனக்குத் தெரியாமல் தம்பிக்கு போன் செய்திருக்கிறாள். "மாமாகிட்ட சொல்லிடாதடா, சும்மா ஒரு பார்வை பாரு, எதையும் கழட்டாத" என்று சொல்லியிருக்கிறாள். இது அவன் உங்களிடம் சொன்னதுதான்.

அவன் பட்டறை இருப்பது அந்த இறக்கத்தின் அடியில், லாரிகள் குறுக்கே போகும் சாலையைத் தாண்டி. நீங்களே போய்ப் பார்த்திருப்பீர்கள். ஷோரூமுக்குப் போகும் சாலை சமதளம். நான் சொன்ன இடத்துக்கு, நான் சொன்ன நாளில் போயிருந்தால் அவள் அந்த இறக்கத்துக்கே வந்திருக்க வேண்டியதில்லை. நிபந்தனையை மீறியது அவள். நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை, மன்னித்துவிட்டேன்.

மச்சினன் அவளுக்காக வாசலிலேயே நின்றுகொண்டிருந்தானாம். லாரி மோதிய சத்தம் கேட்டு முதலில் ஓடியதும் அவன்தான். கதவை நெம்பித் திறந்து அக்காவை வெளியே எடுத்ததும் அவன்தான். அப்போதே உயிர் இல்லை என்று மருத்துவர் சொன்னார்.

காரியங்கள் எல்லாம் முடிந்தன. வண்டியைச் சோதித்த உங்கள் ஆய்வாளர், மாஸ்டர் சிலிண்டரில் பழுது என்று எழுதிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு நான் ஷோரூமுக்குப் போனேன். போகாமல் இருந்தால் இத்தனை நாள் காத்திருந்ததற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும் என்று பட்டது. அங்கே அதே பெண் இருந்தாள். கம்ப்யூட்டரில் வண்டி எண்ணை அடித்தாள். "கவர் ஆகுது சார், பார்ட் ஃப்ரீ" என்றாள். காபி கொண்டுவரச் சொன்னாள். அன்றைக்குக் குடித்தேன்.

நேராக மாமனார் வீட்டுக்குப் போனேன். துக்கத்துக்கு வந்தவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். மச்சினன் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னேன்.

"வாரண்டி பாஸாயிடுச்சுடா. கம்பெனியோடது இல்ல, நான் தனியா எடுத்தது. காத்திருந்தது வீண்போகல."

அவன் என் பக்கம் திரும்பினான்.

"காத்திருந்தீங்களா? அக்கா வண்டில பிரேக் போயிருந்தது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மாமா?"

"தெரியாம எப்படிடா காத்திருக்க முடியும்?"

அவன் எழுந்து செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கி நடந்தான். நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம்தான் வந்திருக்கிறான். வந்ததில் எனக்கு அவன்மேல் வருத்தமில்லை, அவன் சொன்னது எல்லாம் உண்மை. பிரேக் போயிருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தே தினமும் அவள் கையில் சாவியைக் கொடுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

வருத்தம் இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள். இருக்கிறது, ஐயா. வீட்டில் நுழைந்தால் தாங்க முடியவில்லை. முதல் நாளே, அந்தப் புதுச் சட்டையோடு, வண்டியைக் கொண்டுபோய் விட்டிருந்தால் அவள் இன்று இருந்திருப்பாள். எந்தக் கவுண்டரும் நம்பாது என்று பயந்து அந்தக் கடைசி நாட்களை வீணாக்கினேன். அந்தப் பெண் வாரண்டி என்றைக்குத் தொடங்கியது என்று பார்க்கவே இல்லை. திரையில் பச்சை வந்ததும் முத்திரையைக் குத்திவிட்டாள்.

நானாக இருந்தால் பார்த்திருப்பேன்.