நண்பகலில் நிழல் தேடியவர்கள்

மேடையின் நடுநாற்காலியை நிறைத்து வீற்றிருக்கும் விழாத் தலைவர், நகர மேல்முறையீட்டு வாரியத்தின் மாண்புமிகு தலைவர், என் பள்ளித் தோழர் அவர்களே! தலைவர் தலையசைக்கும்போதெல்லாம் தாமும் தலையசைக்கும் வாசகசாலைச் செயலாளர் அவர்களே! முட்டிவலியைப் பொருட்படுத்தாமல் வந்து முன்னிடம் பிடித்த பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் பேச்சைச் செவியிலும் ஏந்தியிருக்கும் தாய்மார்களே! முடிவில் தேநீர் உண்டு என்று கேள்விப்பட்டு வந்திருக்கும் நண்பர்களே! உங்களைத்தான் நான் முழுதாக நம்புகிறேன். நீங்கள் பாதியில் எழுந்து போகமாட்டீர்கள். அனைவரையும் வணங்கித் தொடங்குகிறேன்.

எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, “நகர வளர்ச்சியில் நம் பங்கு.” நல்ல தலைப்பு. வளர்ச்சியைத் தேடி நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. அது உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. திரும்பிப் பாருங்கள். மூன்று மாடி. உச்சியில் இன்னும் இரண்டு மாடிக்கான கம்பிகள் வானத்தைக் குத்திக்கொண்டு நிற்கின்றன. வளர்ச்சியில் நம் பங்கு என்ன என்று கேட்டால், அண்ணாந்து பார்ப்பது. வேறு பங்கு நமக்கு யாரும் தரவில்லை.

என்ன தலைவரே? வெயில் முகத்தில் அடிக்கிறதா? கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டீர்கள், தலையில் கைக்குட்டையும் ஏறிவிட்டது. செயலாளர் குடை தேடி எழுந்திருக்கிறார். உட்காருங்கள் ஐயா, குடை வேண்டாம். கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டால் வெயில் தானாக விலகும். எப்படி என்று முடிவில் சொல்கிறேன்.

நாம் அமர்ந்திருக்கும் இந்த முற்றம் யாருடையது? என் தங்கையுடைய சலவைக்கூடத்தின் முற்றம். அதோ, தொட்டிக்குப் பக்கத்தில் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கிறாளே, அவள்தான். அரசு மருத்துவமனையின் படுக்கை விரிப்புகளும் போர்வைகளும் இங்கேதான் வெளுக்கப்படுகின்றன. அவளையும் சேர்த்து நான்கு குடும்பங்களின் அடுப்பு எரிவது இந்த முற்றத்து வெயிலில். விறகு வாங்கலாம், எரிவாயு வாங்கலாம். வெயிலை எந்தக் கடையில் வாங்குவது? அது மேலிருந்து வந்துகொண்டிருந்தது. அதை மறிக்க மனிதர் எவருக்கும் அதிகாரம் இல்லை என்று அவள் நினைத்திருந்தாள். பாவம், அவள் திட்ட அலுவலகத்துக்குப் போனதில்லை.

இந்தத் தெருவில் இரண்டு மாடிக்கு மேல் கட்டக் கூடாது என்பது விதி. விதி என்று ஒன்று இருந்தால், அதைவிட அழகாக, அதைவிட அகலமாக, விதிவிலக்கு என்று ஒன்று இருக்கும். விதி ஏழை வீட்டுக் கதவு. குனிந்துதான் போக வேண்டும். விதிவிலக்கு கார் போகும் கேட். அடுக்குமாடிக்காரர் அந்த வழியாக நுழைந்து மூன்றாவது மாடிக்கு அனுமதி வாங்கினார். அனுமதி கொடுத்தவர் திட்ட அதிகாரி. அந்த அனுமதி தவறு என்றால் முறையிடத்தான் நம் தலைவரின் வாரியம் இருக்கிறது. நாங்கள் முறையிட்டோம்.

விசாரணைக் கூடத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்க்க வேண்டிய இடம். ஒரு நீண்ட மேசை. மேசைக்கு அந்தப் பக்கம் வாரியம், மெத்தை நாற்காலி, மின்விசிறி, ஒலிபெருக்கி. இந்தப் பக்கம் நாங்கள், ஒரு பெஞ்சு. எங்களுக்கும் ஒலிபெருக்கி உண்டு, அது பேசாது. அவர்கள் பேசுவது தெருமுனைவரை கேட்கும், நாங்கள் பேசுவது எங்களுக்கே கேட்காது. அனுமதி கொடுத்த திட்ட அதிகாரி எங்கே உட்கார்ந்திருந்தார் தெரியுமா? எங்கள் பக்கம் இல்லை ஐயா! வாரியத்தோடு, அதே மேசையில், அதே தேநீர்ப் பாத்திரத்திலிருந்து ஊற்றிக் குடித்துக்கொண்டு!

வாரியம் அவரைக் கேட்டது: “நீங்க கொடுத்த அனுமதி சரிதானா?”

அவர் சொன்னார்: “சரிதான் சார்.”

இதற்குப் பெயர் மறுஆய்வு! எழுதியவரிடமே விடைத்தாளைக் கொடுத்துத் திருத்தச் சொல்வது! சிரிக்காதீர்கள். நான் சிரித்தேன், “அமைதி” என்று மணி அடித்தார்கள்.

அடுத்து என் தங்கையிடம் கேட்டார்கள்: “உங்களுக்கு என்னம்மா பாதிப்பு?”

“நாலு மணிக்கெல்லாம் முற்றம் முழுக்க நிழல் விழுந்துடுதுங்க. துணி காயலைங்க.”

“காயலைன்னு சொன்னா போதுமா? ஆதாரம் இருக்கா?”

அவள் பையிலிருந்து ஒரு போர்வையை எடுத்து மேசைமேல் வைத்தாள். “தொட்டுப் பாருங்கய்யா. நேத்து காலையில வெளுத்தது.”

வாரியம் தொட்டதா? எழுத்தர்தான் அலறினார்: “ஏம்மா, காகிதமெல்லாம் நனையுது, எடும்மா, எடு!” நனைந்த காகிதத்துக்காகப் பதறினார்களே தவிர, அந்தப் போர்வை ஏன் அவ்வளவு ஈரமாக இருக்கிறது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக நம் தலைவர் பெருந்தன்மையோடு அறிவித்தார்: “இடத்தை நேரில் பார்வையிடுவோம்.”

வந்தார்கள். எப்போது வந்தார்கள்? பின்வரிசையில் யாரோ சரியாகச் சொல்கிறார். ஆம் ஐயா, உச்சிவேளைக்கு! சூரியன் தலைக்கு நேர்மேலே நிற்கும்போது, மேற்கே நிற்கும் கட்டடத்தின் நிழலைத் தேடிக்கொண்டு, வாரியம் முழுவதும் வந்தது! திருடன் வந்துபோகும் நேரத்தைச் சொல்லிப் புகார் கொடுத்தால், அவன் வீட்டில் தூங்கும் நேரமாகப் பார்த்துக் காவலுக்கு வருவார்களே, அப்படி வந்தது! குடைகளைப் பிடித்துக்கொண்டு, தேடு தேடு என்று தேடியது. அந்த நேரத்தில் இந்த முற்றத்தில் இருந்த நிழல் அவர்களுடைய குடைகளின் நிழல் மட்டுமே.

நம் தலைவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு என் தங்கையைப் பார்த்து உருகினார்: “இவ்வளவு வெயில்ல வேலை செய்யறீங்களேம்மா. நிழலுக்கு ஒரு மரமாவது வைக்கக் கூடாதா?”

ஆகா! வெயில் போய்விட்டது என்று அழுதவளுக்கு, வெயில் அதிகம் என்று ஆறுதல்!

அவள் சொன்னாள்: “ஐயா, நாலு மணிக்கு வந்து பாருங்க, தெரியும்.”

திட்ட அதிகாரி குறுக்கிட்டார்: “அந்நேரத்துக்கெல்லாம் ஆபீஸ்ல எல்லாரும் கிளம்பிடுவாங்கம்மா.”

“நிழலுக்கு உங்க ஆபீஸ் நேரம் தெரியலீங்களேய்யா, என்ன செய்யறது?”

அவர்கள் முகம் சுருங்கியது. கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தீர்ப்பு வந்தது: “நேரில் பார்வையிடப்பட்டது. நிழல் ஏதும் காணப்படவில்லை. மேல்முறையீடு தள்ளுபடி செய்யப்படுகிறது.”

காணப்படவில்லையாம்! கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் கட்டடமே காணப்படாது, தலைவரே!

இந்த இடத்தில் ஒரு பழைய கணக்கைச் சொல்லியாக வேண்டும். நானும் தலைவரும் ஒரே வகுப்பு. அவருக்கு அங்கே ‘முதல்பெஞ்சு’ என்று பெயர். ஒருமுறை தேர்வில் ஒரு கேள்வி வந்தது: கம்பத்தின் உயரம் இவ்வளவு, சூரியன் இந்தக் கோணத்தில் நிற்கிறது, நிழலின் நீளம் என்ன? நான் போட்டேன். முதல்பெஞ்சு திரும்பி என் தாளைப் பார்த்துப் போட்டார். ஆசிரியர் இரண்டு விடையும் ஒன்றாக இருப்பதைக் கண்டார். அடி யாருக்கு விழுந்தது? முன்னால் உட்கார்ந்தவன் எப்படிப் பின்னால் பார்த்து எழுதுவான் என்று கேட்டு, எனக்கு விழுந்தது! அந்தக் காயம் ஆறிவிட்டது, ஆத்திரம் ஆறவில்லை. அதை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் நண்பர்களே, அன்றைக்கு என்னைப் பார்த்தாவது நிழலின் நீளத்தைக் கண்டுபிடித்தவர், இன்றைக்குப் பக்கத்திலேயே வந்து நின்றும் கண்டுபிடிக்கவில்லையே!

இது பழைய கதை, விடுங்கள் என்பீர்கள். விட முடியாது. மருத்துவமனையில் போன வாரம் வார்டு பொறுப்பாளர் அம்மா, என் தங்கை கொண்டுபோன ஒரு மூட்டையைப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே திருப்பிக் கட்டினார். “அக்கா, ஈர வாடை அடிக்குது. ஆபரேஷன் ஆனவங்களுக்கு இதை எப்படிப் போர்த்தறது? இன்னொரு தடவை இப்படி வந்தா வேற ஆளைத்தான் பார்க்கணும்.” அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் வேலையை அவர் செய்கிறார். ஒரு துணியை முகர்ந்து பார்த்து முடிவு செய்யும் அந்த அம்மாவை வாரியத்தில் உட்காரவைத்திருந்தால், நாம் இன்று இங்கே கூடியிருக்க மாட்டோம்.

இப்போது மேலே இன்னும் இரண்டு மாடிக்கு விதிவிலக்கு கொடுத்திருக்கிறார்கள். அவை எழுந்தால் நண்பகல் தாண்டியதுமே வெயில் போய்விடும். போனால் இந்தத் தொட்டிகள் காயும், துணி காயாது. எங்கள் இரண்டாவது மேல்முறையீடு வருகிற வியாழக்கிழமை விசாரணைக்கு வருகிறது. அதே மேசை. அதே தேநீர்.

என்ன தலைவரே, எழுந்திருக்கிறீர்கள்? ஒலிபெருக்கியை நீட்டுங்கள், அவர் ஏதோ சொல்கிறார்.

“டேய், இதையெல்லாம் வியாழக்கிழமை பேசிக்கலாம்டா. மேடையில எதுக்கு?”

கேட்டீர்களா? இன்றைக்கு ஒலிபெருக்கி இரண்டு பக்கமும் வேலை செய்கிறது, அதனால்தான் மேடையில்! உட்காருங்கள் தலைவரே, முடிக்கப்போகிறேன்.

உண்மையைச் சொல்கிறேன். நான் உங்களை வாய் வலிக்கத் திட்டத்தான் வந்தேன். ஒரு வாரமாக ஒத்திகை பார்த்தேன். வாசகசாலையின் விழாவுக்கு இந்த முற்றத்தை இலவசமாகக் கொடுத்தவள் என் தங்கை. கூட்டத்துக்கு இந்த நேரத்தைக் குறித்தவளும் அவள்தான். மேடையைக் கட்டடத்தைப் பார்த்தபடி போடச் சொன்னவளும் அவள்தான். காலையில் என்னிடம் சொன்னாள்: “அண்ணா, அவரைத் திட்டறதால என் துணி காயப்போறதில்லை. நாலு மணி தாண்டறவரைக்கும் அவரை அந்த நாற்காலியில உட்கார வை. அது போதும். பேசறதுக்குத்தான் உனக்குச் சொல்லித்தரணுமா?”

நான் தொடங்கியபோது நிழல் எங்கே இருந்தது? முன்வரிசைத் தாய்மார்களின் காலடியில். இப்போது எங்கே இருக்கிறது? குனிந்து பாருங்கள்! மேடைப் படியில் ஏறி, மேசைவிரிப்பில் ஏறி, செயலாளரின் தோளில் ஏறி, தலைவரின் முகத்தில் ஏறிவிட்டது!

தலைவரே, உங்கள் கறுப்புக் கண்ணாடி எங்கே? சட்டைப்பையில். தலையில் இருந்த கைக்குட்டை எங்கே? அழகாக மடித்து மடியில். யார் கழற்றச் சொன்னது? மணி அடித்தோமா? ஆதாரம் கேட்டோமா? உங்கள் கண்ணுக்குத் தெரிந்தது, உங்கள் கை கழற்றியது. ஊரே பார்த்திருக்க, இந்த முற்றத்தில் நிழல் உண்டு என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்!

வியாழக்கிழமை நாங்கள் அந்தக் கூடத்துக்கு வருகிறோம். பிறகு நீங்கள் இங்கே வாருங்கள், வாரியத்தோடு, திட்ட அதிகாரியோடு, இதே நேரத்துக்கு. இதே நாற்காலியைப் போட்டுவைக்கிறோம். கண்ணாடி போட்டுக்கொண்டு உட்காருங்கள். கழற்றாமல் இருக்க உங்களால் முடிந்தால், ஐந்து மாடி அல்ல, ஐம்பது மாடி கட்டிக்கொள்ளட்டும்!

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கு நன்றி. பிள்ளைகளை அழாமல் பார்த்துக்கொண்ட தாய்மார்களுக்கு நன்றி. கடைசிவரை அசையாத தேநீர் நண்பர்களுக்குத் தனி நன்றி. நாற்காலியில் அமர்ந்தே சாட்சி சொன்ன தலைவருக்கும் நன்றி. இந்த நகரத்தில் சொன்ன நேரத்துக்குத் தவறாமல் வருவது இந்த நிழல் ஒன்றுதான். அதற்கு மட்டும் நான் நன்றி சொல்லமாட்டேன்.

வியாழக்கிழமை நாலு மணிக்குச் சந்திப்போம். வணக்கம்.