நாற்பத்தொரு முதல் மரங்கள்

மேடையில் வீற்றிருக்கும் துணைத் தலைவர் அவர்களே, பட்டறையில் அக்காவுடன் தோளோடு தோள் நின்று வேலை பார்த்த நண்பர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காவின் கணவர் அவர்களே, மகளே, வீட்டு ஜன்னலோரம் ஆளுக்கொரு சின்ன மரத்தை விட்டுவிட்டு இந்த மண்டபத்துக்கு ஓடி வந்திருக்கும் சங்கத்து உறவுகளே! உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் உங்கள் செயலாளர். தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருப்பவன். மருந்துக்கடைக்காரன் எதையும் அளந்துதான் கொடுப்பான் என்பார்கள். இன்று என் பேச்சில் அளவு தப்பினால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது ஆண்டுகள் இதே ஒலிபெருக்கியில் அக்கா பேசுவார், நான் பக்கத்தில் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இன்று காகிதமும் இல்லை, அக்காவும் இல்லை.

நம் குறுமரச் சங்கத்தின் தலைவர், வெல்டர் அக்கா! அவரை வேறு எப்படி அழைப்பது? என்னைவிட மூன்று வயது இளையவர். ஆனாலும் எனக்கு அக்கா. எழுபதைத் தாண்டிய நம் துணைத் தலைவருக்கும் அக்கா. ஒருநாள் அவருடைய கணவரே என் கடைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, "அக்கா அங்க இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஐயா, அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்தக் கைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். லாரிகளின் அடிச்சட்டத்தைப் பற்றவைத்த கைகள். முழங்கை வரை தீப்பொறி பட்ட தழும்புகள். காலையில் பத்து ஆள் கனமுள்ள இரும்பை இரும்போடு சேர்ப்பார். மாலையில் அதே விரல்களால் தீக்குச்சி பருமனுள்ள ஒரு கிளையில் கம்பி சுற்றுவார். கிளைக்கு வலிக்குமோ என்று நினைப்பதுபோல் சுற்றுவார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் முதன்முதலாக அவர் மேசைக்கு முன் போய் நின்றேன். அதற்கு முன்பு கடைத்தெருவில் போன்சாய் என்று விற்கும் குறுமரம் இரண்டு வாங்கி, இரண்டையும் சாகடித்திருந்தேன். என் மகள் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், அப்பாவிடம் மருந்து வாங்கினவர்கள் பிழைத்துவிடுவார்கள், அப்பாவிடம் வந்த மரம்தான் பிழைக்காது என்று சொல்லிச் சிரிப்பாள். இன்னொன்றும் செத்தால் இந்த ஆசையையே தலைமுழுகிவிடுவது என்ற முடிவோடுதான் அந்தச் சனிக்கிழமை, அக்கா மேசை போட்டு மரம் கொடுக்கும் நூலகத்தின் பின்னறைக்குப் போனேன். செத்த தொட்டிகளில் ஒன்றைக் கையோடு கொண்டுபோயிருந்தேன்.

அக்கா அதை வாங்கி, மேலே இருந்த கூழாங்கல்லை நகத்தால் நெம்பினார். கல் வரவில்லை. கல்லை மண்ணோடு பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். நான் இரண்டு மாதம் ஊற்றிய தண்ணீர் முழுவதும் அந்தக் கல்மேல் ஓடி வெளியே போயிருக்கிறது. தொட்டியைத் திருப்பினார். அடியில் ஓட்டையும் இல்லை. அதை ஜன்னலே இல்லாத கூடத்தில், தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேல் வைத்திருந்தேன் என்பதையும் நானே சொல்லிவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. இது உங்கள் தப்பு பாதிதான் என்றார். அந்தப் பாதியை அவர் தள்ளுபடி செய்தபோது என் மனப்பாரம் எவ்வளவு இறங்கியது தெரியுமா?

மேசைமேல் இருபது மரங்கள் இருந்தன. எனக்கு ஜூனிபர் என்ற ஊசியிலை மரம் ஒன்றின் மேல் கண். காற்றில் சாய்ந்தாற்போல் வளைந்து, படத்தில் வருவதுபோல் இருந்தது. அதைக் கேட்டேன். அக்கா மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைப் பற்றிக் கேட்டார். வீட்டில் எந்தப் பக்கம் வெயில் வரும், எத்தனை மணி நேரம் நிற்கும், கடையை எப்போது திறப்பேன், ஊருக்குப் போனால் வீட்டில் யார் இருப்பார்கள். நோயாளியைக்கூட நான் இவ்வளவு விசாரித்ததில்லை. கடைசியாகக் கேட்டார்:

"நீங்க மறக்கிற ஆளா, நோண்டுற ஆளா?"

எனக்குப் புரியவில்லை. மறக்கிறவர் தண்ணீர் ஊற்ற மறந்து கொல்வார், நோண்டுகிறவர் தினமும் வெட்டி, தினமும் ஊற்றி, மண்ணைக் கிளறிக் கொல்வார் என்று விளக்கினார். யோசித்துப் பார்த்தேன். நான் நோண்டுகிற ஆள். கடையில் ஒரு மாத்திரை அட்டையை நான்கு முறை எண்ணுகிறவன் வேறு எப்படி இருப்பேன்?

அவர் எடுத்து நீட்டியது ஆல மரத்துக்கு உறவான ஒரு இச்சி மரம். ஒரு சாண் உயரம். பார்க்க எந்த அழகும் இல்லை. முகம் தொங்கிவிட்டது எனக்கு. இலையைப் பார்க்காதீர்கள், இலை வரும் போகும், அடிமரத்தைப் பாருங்கள் என்றார். அடிமரம் மண்ணில் இறங்கும் இடத்தில் வேர்கள் நாலாபக்கமும் விரிந்து, தரையைப் பிடித்துக்கொண்டிருந்தன. பட்டையை ஒரு இடத்தில் லேசாகச் சுரண்டிக் காட்டினார். உள்ளே பச்சை. எவ்வளவு வெட்டினாலும் துளிர்க்கும், உங்கள் கைக்கு இதுதான் தாங்கும் என்றார். கொண்டுபோன உடனே தொட்டி மாற்றக் கூடாது, ஒரு வருடம் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும் என்று சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லி அனுப்பினார்.

அந்த மரம் பிழைத்தது. அது பிழைத்த கதையைச் சொல்லத்தான் இன்று நான் எழுந்து நிற்கிறேன். ஏழு ஆண்டுகளாக நான் யாரிடமும் சொல்லாத கதை. சொல்லமாட்டேன் என்று அக்காவுக்குக் கொடுத்த வாக்கை இப்போது உங்கள் முன்னால் மீறுகிறேன். அக்கா என்னை மன்னிக்கட்டும்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் வந்த கோடையை மறந்திருக்க மாட்டீர்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் நூலகத்தின் மொட்டைமாடியில் மரங்களை விட்டுப்போவோம், அக்கா பார்த்துக்கொள்வார். அந்த ஆண்டு நாற்பத்தொரு பேர் விட்டுப்போனோம். நாற்பத்தொன்றும் அவரவர் அக்கா கையால் வாங்கிய முதல் மரங்கள். அவற்றோடு அக்காவின் பெரிய இச்சியும் அங்கே நின்றது. முப்பத்து நான்கு வயது. மூன்று கண்காட்சிகளில் முதல் பரிசு வாங்கிய மரம். அதன் கீழே ஒரு தீப்பெட்டியை வைத்துக் குனிந்து பார்த்தால், வீட்டுக்கு மேல் ஒரு கானகம் கவிந்ததுபோல் இருக்கும். அந்தத் தொட்டியை நகர்த்த நான்கு ஆள் வேண்டும்.

நாமெல்லாம் போன மூன்றாம் நாள் நகரத்தின் பிரதானக் குழாய் வெடித்தது. ஒன்பது நாள் தண்ணீர் இல்லை. லாரி வந்து தினமும் வீட்டுக்கு நான்கு கேன் கொடுத்தது. அக்காவின் கணவர் ஐயா அவர்கள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், அப்போது முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து கட்டிலில் இருந்தார். அக்கா இரண்டு கேனை வீட்டுக்கு வைத்தார். மூன்று பேருக்குச் சமையல், குடிநீர், குளியல் எல்லாம் அதில்தான். குளியல் என்றால் ஈரத்துணியால் உடம்பைத் துடைப்பது. மீதி இரண்டு கேன்? அவற்றை ஒவ்வொன்றாகத் தோளில் வைத்து, பட்டறை வேலை முடிந்த உடம்போடு, எழுபத்திரண்டு படி ஏறினார். தினமும் இரண்டு முறை. ஒன்பது நாளும் ஏறினார்.

கடைக்குச் சரக்கு வருகிறதென்று நான், தண்ணீர் நின்ற ஒன்பதாம் நாளே திரும்பிவிட்டேன். நேரே மாடிக்குப் போனேன். நாற்பத்தொரு மரங்களும் படிக்கட்டுக் கூரையின் நிழலில் நெருக்கி அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு தொட்டிக்கு அடியிலும் ஈரம். எல்லாம் பச்சை. வெயிலில் தனியாக அந்தப் பெரிய இச்சி நின்றது. இலையெல்லாம் காகிதமாகிக் கீழே கொட்டிக் கிடந்தது. பட்டையைச் சுரண்டிப் பார்த்தேன். பச்சை இல்லை. இன்னும் மேலே சுரண்டினேன். அங்கேயும் இல்லை.

அக்கா கேனைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் பகிர்ந்து ஊற்றியிருக்கலாமே என்று கேட்டேன். அரைத் தண்ணீர் ஊற்றினால் மேல்மண்தான் நனையும், அடிவேர் காயும், எல்லாமே சாகும் என்றார். அது ஒன்றே ஒரு கேனைக் குடிக்கும், அந்த ஒரு கேனில் இருபது சின்ன மரம் பிழைக்கும் என்றார். கணக்கு சரிதான். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"முப்பத்தி நாலு வருஷ மரம்க்கா," என்றேன்.

அக்கா என்ன சொன்னார் தெரியுமா? அந்த வார்த்தைகளை அப்படியே சொல்கிறேன். "எனக்கு மரம் வளர்க்கத் தெரியும். இது போனா இன்னொன்னு வளர்ப்பேன். முதல் மரம் செத்துப்போச்சுன்னா அந்த ஆளு, நமக்குக் கைராசி இல்லன்னு முடிவு பண்ணிடுவாரு. அப்புறம் ஆயுசுக்கும் ஒரு செடியத் தொட மாட்டாரு."

இதைச் சொல்லும்போது அவர் அந்தப் பெரிய மரத்தைப் பார்க்கவில்லை. நம் மரங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு என்னிடம் வாக்குக் கேட்டார். யாருக்கும் தெரிய வேண்டாம், தெரிந்தால் தங்கள் மரத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவர்களுக்கு இது ஞாபகம் வரும், சின்ன மரத்துக்கு அந்தப் பாரம் கூடாது என்றார். நீங்கள் திரும்பி வந்தபோது, வேர் அழுகிப் போய்விட்டது என்று அக்கா சொன்னார், நாமும் நம்பினோம். அடுத்த கூட்டத்தில் ஒருவர், தலைவராலேயே தன் மரத்தைக் காப்பாற்ற முடியவில்லையே என்று கேலி பேசினார். பெயர் சொல்லமாட்டேன். அவர் தெரியாமல் சொன்னார், அவர் மரமும் அந்த நாற்பத்தொன்றில் ஒன்று. அக்கா வாய்விட்டுச் சிரித்தார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எனக்கும் தெரியாத ஒன்று இருந்தது. போன வாரம் ஐயா அவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. அக்கா பதினேழு வயதில் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த மாதம், பின்சுவரின் விரிசலில் ஒரு இச்சிக் கன்று முளைத்திருந்ததாம். சுவர் போய்விடும், பிடுங்கி எரி என்று முதலாளி சொல்லியிருக்கிறார். அக்கா மதிய இடைவேளைகளில் உளியால் செங்கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தி, வேர் அறாமல் எடுத்து, ஒரு எண்ணெய் டின்னில் வைத்தாராம். அந்தக் கன்றுதான் அந்தப் பெரிய இச்சி. அது அக்காவின் முதல் மரம்.

உறவுகளே, இதைக் கேட்டுவிட்டு நான் ஐயாவின் வீட்டு வாசலில் வெகுநேரம் நின்றேன். நமக்குச் சாகக்கூடாத மரம் எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தன் மரமும் அப்படியொரு முதல் மரம்தான் என்பதும் தெரிந்திருந்தது. தெரிந்தும் ஒன்பது நாள் அதைக் கடந்துபோய் நம் தொட்டிகளில் ஊற்றினார். இப்படியொரு மனுஷியோடு ஒரே மேசையில் நான் தேநீர் குடித்திருக்கிறேனா? நம்பத்தான் முடியவில்லை.

மூன்று வாரங்களுக்கு முன், பட்டறையில் மதிய இடைவேளையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அக்கா எழவில்லை. ஐம்பத்தெட்டு வயது. அவருடைய பொருள்களை எடுத்துவர நானும் அக்காவின் மகளும் பட்டறைக்குப் போனோம். பின்பக்கம், கிழக்கு வெயில் விழும் இடத்தில், ஒரு இரும்பு அலமாரி. அவரே பற்றவைத்தது. அதில் பதினேழு சின்னத் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு தகரத் துண்டு, அதில் உளியால் பொறித்த எழுத்து. மரத்தின் பெயராக இருக்கும் என்று குனிந்து படித்தேன்.

"அடிக்கடி ஊருக்குப் போறவருக்கு." "கை நடுங்குறவருக்கு." "ஒரே ஒரு ஜன்னல் இருக்கிறவருக்கு." "பொறுமை இல்லாதவருக்கு." "பேச ஆள் இல்லாதவருக்கு."

பதினேழும் இப்படித்தான். இன்னும் வராத பதினேழு பேருக்கு, முகம் தெரியாத பதினேழு பேருக்கு, அவர்கள் கைக்குத் தாங்கும் மரத்தை எடுத்துத் தயாராக வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மகள் அந்த அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அக்காவுக்குச் சிலை வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். மண்டபத்துக்குப் பெயர் வைக்கலாம் என்றார்கள். வைக்கலாம். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. வருகிற சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நூலகத்தின் பின்னறையில் மேசை போடுகிறோம். வருகிறவரிடம் மரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவரைப் பற்றிக் கேட்போம். அந்தப் பதினேழு பேரும் வந்து சேரும் வரை மேசையை எடுக்கமாட்டோம். பதினெட்டாவது ஆள் வந்தால், அவருக்கு ஏற்ற கன்றை நாம் வளர்த்து வைத்திருப்போம். நம் தலைவர் பெயரால் இது என் உறுதி. உங்கள் உறுதியையும் கேட்கிறேன்.

இன்று காலையிலிருந்து வெயில் கடுமை. பட்டறை அடைத்திருக்கிறது, சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது. பதினேழு தொட்டிகளுக்கும் இன்று இன்னும் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. நாம் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனமாக இருப்போம். அது முடிந்ததும் நான் நேரே அங்கேதான் போகிறேன். என்னோடு யார் வருகிறீர்கள்?