இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி

மேலாளர் அவர்களுக்கு,

கணினியில் வெற்றுத் திரை வந்தால் பலருக்குப் பிடிக்காது. எனக்கு அது பிடிக்கும். திட்டாமல் பொறுமையாக விசாரித்தால் எங்கே கோளாறு என்று அதுவே சொல்லிவிடும். நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் வரிசைப்படி எழுதுகிறேன்.

முதலாவது, என்ன நடந்தது. நமது வேலைவாய்ப்புத் தளத்தைப் புதிய சர்வருக்கு மாற்றிய அன்று, விண்ணப்பத்தை யார் அனுப்பினாலும் வெற்றுப் பக்கம்தான் வந்தது. அதைச் சரிசெய்யும் பொறுப்பைப் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் கொடுத்தோம். அவளுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'ஏன்-எதுக்கு'. அவள் பிழைப் பதிவைத் திறந்து இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியில் போய் நின்றாள். மின்னஞ்சல் முகவரியை ஒப்பிட்டுப் பார்க்கும் பழைய கட்டளை அங்கே இருந்தது. புதிய சர்வரில் இருக்கும் நிரல்மொழியின் புதிய பதிப்பில் அந்தக் கட்டளையை நீக்கிவிட்டார்கள். நிரல் அங்கேயே உயிரை விட்டிருந்தது.

அந்த வரிக்கு மேலே நான் எழுதி வைத்த குறிப்பு: "தொடாதீர்கள். தொட்டால் தளமே விழும்." ஆறு வருடங்களில் நான்கு புரோகிராமர்கள் வந்து போனார்கள். ஒருவரும் தொடவில்லை. அந்த ஒழுக்கத்தை இன்றும் மெச்சுகிறேன்.

"சார், தொட்டுட்டேன்," என்றாள். "ஒண்ணும் விழல."

"நல்லா பாத்தியா?"

"அந்த வரியையே எடுத்துட்டேன் சார், ஓடுது. ஆனா இந்த ஒரே ஒரு மெயில் ஐடி வந்தா மட்டும் விண்ணப்பத்தைச் சேமிக்காம, 'நன்றி, கிடைத்தது'ன்னு காட்டியிருக்கே. எதுக்கு? யாரு சார் இவங்க?"

"என் தங்கச்சி."

அடுத்த கேள்வியை அவள் உங்களிடம் வந்து கேட்டுவிட்டாள்.

இரண்டாவது, ஏன் செய்தேன். என் தங்கை ரத்தப் பரிசோதனைக்கூட வேலைக்குப் படித்தவள். கெட்டிக்காரி. அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். அவளுடைய முதல் விண்ணப்பமே ஏழு மணி நேரப் பயணத் தூரத்தில் இருந்த ஓர் ஊருக்கு. பேருந்தில் ஏறினால் அவளுக்குத் தலை சுற்றும். கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். அவளை அங்கே யார் பார்த்துக்கொள்வார்கள்? தவிர, என் சட்டைகள் எங்கே இருக்கின்றன என்பதும் அவளுக்குத்தான் தெரியும். ஒரே ஒரு முறைக்கு என்றுதான் அந்த வரியை எழுதினேன். முப்பத்தொரு விண்ணப்பங்கள் ஆகிவிட்டன.

ஒவ்வொரு விண்ணப்பத்தையும் அனுப்பிய பிறகு கண்ணாடி முன்னால் நின்று நேர்காணலுக்குப் பதில் சொல்லிப் பழகுவாள். போன மாதம் கேட்டாள்: "மூஞ்சியக்கூடப் பாக்காம வேணாங்கறாங்களே அண்ணா, என்கிட்ட அப்படி என்ன கொறை?"

"அவங்களுக்குக் கொடுத்து வைக்கல, விடு," என்றேன். அன்று அவளுக்குப் பிடித்ததை நானே சமைத்தேன். கெட்ட எண்ணம் உள்ளவன் சமைப்பானா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது, இனி இப்படி நடக்காது என்பதற்கு என்ன உறுதி. அந்த வரி நீங்கிய பிறகு அவள் அனுப்பிய முப்பத்திரண்டாவது விண்ணப்பம் உள்ளே போய்விட்டது. நேற்று ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வந்தது. கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"நேர்ல வரச் சொல்லியிருக்காங்க அண்ணா. நீயே பதில் எழுதிடு. நீ எழுதினாத்தான் லட்சணமா இருக்கும்."

அலமாரியைத் திறந்து, எதை உடுத்திக்கொண்டு போவது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுதியதை வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை. தேதி பிறகு சொல்வார்கள் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே நிரலில் இனி நான் கை வைக்க வேண்டிய அவசியமே இல்லை. அழைத்ததற்கு நன்றி சொல்லி, குடும்பச் சூழ்நிலையால் வர இயலாது என்று, அவள் பெயரில் மிக மரியாதையாகத்தான் எழுதி அனுப்பியிருக்கிறேன்.