அறுபது கட்டில்

— கத்தாதண்ணா. அப்பா இப்பதான் கண்ணை மூடியிருக்கார்.

— வராந்தாவுல, போற வர்றவன் கால் இடிக்கிற இடத்துல ஸ்ட்ரெச்சரைப் போட்டு வச்சிருக்கே. இந்த ஆஸ்பத்திரிக்குத் தலைமை நர்ஸ்னு வேற சொல்லிக்கிறே.

— தரையில கிடக்கறவங்களைத் தாண்டித்தானே வந்தே? அவங்களைப் பாக்கும்போது அப்பாவுக்கு ராஜ உபசாரம்.

— பாரும்மா, தீவிர சிகிச்சையில ஒரே ஒரு கட்டில். அதுக்கு மேல கேக்கல. மூச்சு இழுக்கறதைப் பாரு.

— இருக்கறதே எட்டு. ஜன்னல் பக்கம் திரும்பு. எதிர்ல தூணும் துருப்பிடிச்ச கம்பியுமா நிக்குதே, அதுல இன்னும் அறுபது வந்திருக்கணும்.

— இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?

— அதுக்கு நீதானே இன்ஜினியர்?

— பாரும்மா, கட்டுறவன் வேற. நான் ஃபைலைச் சரிபாக்குறவன். சரியில்லன்னா திருப்பி அனுப்புவேன்.

— என்ன சரியில்ல?

— கதவு உள்பக்கம் திறக்குமா, வெளிப்பக்கம் திறக்குமான்னு தெளிவா இல்ல. விளக்கம் கேட்டேன். பதில் வர்றதுக்குள்ள வருஷக் கணக்கை முடிச்சுட்டாங்க, பணம் திரும்பிப் போச்சு. அடுத்த வருஷமும் ஒதுக்கினாங்க. அப்ப சாக்கடைக் குழாய்ல ஒரு சந்தேகம்.

— நிஜமாவே சந்தேகம்தானா?

— அப்பா பக்கத்துல நின்னு பொய் சொல்ல வாய் வரல. எனக்கு முன்னால இருந்தவன் தைரியமா கையெழுத்துப் போட்டான். எங்கேயோ ஒரு சுவர்ல விரிசல், ஆடிட்ல மாட்டினான், வேலை போச்சு. இன்னிக்கும் கோர்ட்டுக்கு அலையறான். விளக்கம் கேட்டவனை எவனாவது வீட்டுக்கு அனுப்பியிருக்கானா? செலவு பண்ணாத பணத்துக்கு யாரும்மா கேள்வி கேக்கப் போறா?

— கேக்க வேண்டியவங்க எல்லாம் இங்க மூச்சு வாங்கிக்கிட்டுக் கிடக்காங்க.

— குத்தினது போதும். நான் பாவிதான், ஒத்துக்கறேன். அப்பா என்ன பண்ணினார்? பெரிய டாக்டர்கிட்ட போய்ப் பேசு. உன் பேச்சை அவர் தட்ட மாட்டார்.

— நான் பேச வேண்டிய அவசியமே வரல. மத்தியானம் ஒரு கட்டில் காலியாச்சு. அவரே கூப்பிட்டுச் சொன்னார்.

— அதை ஏன் இவ்வளவு நேரம் சொல்லல? அந்தப் பக்கம் பிடி, தள்ளுவோம்.

— கையை எடுண்ணா. அதுல வேற ஒருத்தர் படுத்திருக்கார்.

— யாரு? நம்ம அப்பாவை விட அவசரமா அவனுக்கு?

— இல்ல. அப்பாவுக்குத்தான் முதல்லன்னு டாக்டர் சொன்னார்.

— அப்புறம்?

— என் அப்பாவாச்சே, நாளைக்கு யாராவது கேட்டா நான்தானே மாட்டுவேன்னு பயந்துட்டேன். காரணத்தை எழுத்துல குடுங்க டாக்டர்னு கேட்டேன். அவர் எழுதிக்கிட்டு வர்றதுக்குள்ள கட்டில் போயிடுச்சுண்ணா.