செவலைக்கு ஒரு நல்ல ஏற்பாடு

குதிரை நின்றபடியே தூங்கும், ஐயா. உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள். மாடு மாதிரி நினைத்த இடத்தில் காலை மடக்கிப் படுத்துவிடாது. செவலையைப் பதினோரு வருசம் நான் பார்த்துக்கொண்டேன். அது தரையில் விழுந்து கிடந்து நான் பார்த்தது இரண்டே தடவை. முதல் தடவை சித்திரையில், மதகுக் கல்லில் வழுக்கி. இரண்டாம் தடவை போன செவ்வாய்க்கிழமை.

என் பெயர் கலியமூர்த்தி. குமராட்சிக்குத் தெற்கே, கொள்ளிடக் கரையோரம் எங்கள் ஊர். பண்ணையார் பூவராகனுக்குக் காரியக்காரன். நிலம், ஆள், குத்தகை எல்லாம் என் கையில்தான். அதற்கு முன்னால் அவருடைய குதிரைக்காரன். அதற்கும் முன்னால் மண் சுமந்தவன். கரை உடைந்த வருசம் நானும் கொளஞ்சியும் ஒரே கூடையை மாற்றி மாற்றித் தலையில் ஏற்றிக்கொண்டு ஒரு மாதம் நடந்தோம். உச்சந்தலையில் ஒரு ரூபாய் அகலத்துக்கு எனக்கு முடி கிடையாது, பாருங்கள். அவனுக்கும் அதே இடத்தில் கிடையாது. பிறகு என் தங்கை தில்லையம்மாளை அவனுக்குத்தான் கட்டிக்கொடுத்தேன். செத்துப்போனது அவன்தான்.

குதிரையிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

மதகில் விழுந்ததில் செவலைக்கு முன்னங்கால் குளம்பு பிளந்து, நரம்பும் பிசகிவிட்டது. முதுகில் சேணத்தைக் கொண்டுபோனாலே கடிக்க வந்தது. ஏறவும் முடியாது, வண்டியில் பூட்டவும் முடியாது. சிதம்பரத்திலிருந்து வந்த மாட்டு டாக்டர், இனிமேல் இது வெறும் தீனிச் செலவு, ஒரு ஊசி போட்டு முடித்துவிடலாம் என்றார். பண்ணையார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரயிலடியில் ஜட்கா ஓட்டுகிற ஒருவன் கேட்டு வந்தான். விழுகிறவரைக்கும் அடித்து ஓட்டுவான் என்று அவன் கையில் இருந்த சாட்டையைப் பார்த்தாலே தெரிந்தது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் கூடாரம் போட்டிருந்த சர்க்கஸ்காரர்களும் ஆள் அனுப்பினார்கள், புலிக்குப் போடுவதற்கு. அந்த ஆளைப் பண்ணையார் வாசலோடு திருப்பி அனுப்பினார். என்னைக் கூப்பிட்டு, "அதுக்கு ஒரு நல்ல ஏற்பாடா பண்ணு கலியமூர்த்தி. என் காதுக்கு எதுவும் வரக்கூடாது" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. பண்ணை ஆள்கள் செத்த வீடுகளுக்கு எத்தனையோ தடவை அவரோடு போயிருக்கிறேன். அங்கே அந்தக் கண் கலங்கிப் பார்த்ததில்லை.

அதே இடத்தில் நின்றபடி இன்னொன்றும் சொன்னார். "உன் தங்கச்சி புருசன் சமாச்சாரத்தையும் ஒரு வழி பண்ணு."

கொளஞ்சி, கரையடி ஐயனார் கோயிலை ஒட்டினாற்போல் இருந்த பண்ணை நிலத்தைக் குத்தகைக்கு உழுதான். குத்தகை நெல் அநியாயம், குறைக்க வேண்டும் என்று சிதம்பரத்தில் மனுப் போட்டுவிட்டான். எங்கள் ஊரிலிருந்து போன முதல் மனு அதுதான். சட்டம் பத்து வருசமாக இருக்கிறது, ஐயா. யாரும் போனதில்லை. போகக்கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை. நான் செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவர் துப்பினால் எச்சில் படிக்கம் ஏந்தி, இருபது வருசம் குனிந்து வாங்கியது இந்த வேலை. அவன் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு போய் ஆபீசில் நிமிர்ந்து நின்று கொடுத்துவிட்டு வந்தான். வந்தவன் என் வீட்டுக்கு வந்து மோர் வாங்கிக் குடித்தான். "நீயும் ஒரு நாள் வா மச்சான். அங்க நாற்காலில உக்காரச் சொல்றாங்க" என்றான்.

அவன் கேலி பேசவில்லை. உண்மையாகவே சொன்னான். அதுதான் என்னால் பொறுக்க முடியாமல் போனது.

இரண்டு வேலைக்கும் ஒரே ஏற்பாடு போதும் என்று எனக்குத் தோன்றியது. எங்கள் பக்கத்தில் காளையைச் சாமிக்கு நேர்ந்துவிடுவார்கள். விட்டபிறகு அதைக் கட்டக்கூடாது, விரட்டக்கூடாது, அடிக்கக்கூடாது. எந்த வயலில் வாய் வைத்தாலும் சாமி வாய் வைத்ததாக எடுத்துக்கொள்ள வேண்டும். குதிரையை விட்டதில்லை, ஆனால் விடக்கூடாது என்று எங்கே இருக்கிறது. ஐயனாருக்கு ஊரில் இருப்பதெல்லாம் மண் குதிரை. உயிருள்ள குதிரை வந்தால் வேண்டாமென்பாரா என்று பூசாரி சின்னையனிடம் கேட்டேன். அவன் உடம்பு சிலிர்த்துப் போனான். ஆடி வெள்ளியில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, மாலை போட்டு, கழுத்தில் மணி கட்டி விட்டோம். பெண்கள் குலவை போட்டார்கள். பண்ணையார் என் தோளைத் தொட்டார். இருபது வருசத்தில் முதல் தடவை.

நொண்டிக் குதிரை நாலு வயல் தாண்டாது, ஐயா. அவிழ்த்துவிட்ட இடத்தில்தான் மேயும். எங்கே அவிழ்ப்பது என்பது மட்டும்தான் என் வேலை. கோயிலடியில் அவிழ்த்தேன். கொளஞ்சி நாற்றுவிட்டுப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

மூன்றாம் நாள் வந்தான். "குதிரைய மேற்கால கொண்டுபோயி வுடு மச்சான். பாதி நாத்து போயிடுச்சு" என்றான்.

"சாமிய எப்படி மாப்ள கயித்துல கட்டி இழுக்கிறது" என்றேன்.

"சாமி உன் பேச்சத்தான் கேக்குதாம். ஊர்ல அப்படித்தான் பேசிக்கிறாங்க" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

முள் வெட்டி வேலி போட்டான். சாமிக் குதிரைக்கு முள் குத்தும் என்று சொல்லி ஊர்க்காரர்களைக் கொண்டே பிடுங்க வைத்தேன். என் எண்ணமெல்லாம் இவ்வளவுதான், ஐயா: வயிறு எரிந்து ஒரு நாள் செவலையை அவன் ஒரு அடி அடிப்பான். ஒரே ஒரு அடி. அதற்கு அப்புறம் ஊர் அவனை இருக்கவிடாது. நிலம் தானாகக் காலியாகும். மனுவும் அதோடு போகும். யாரையும் கொல்ல வேண்டும் என்று அப்போது நான் நினைக்கவில்லை.

அவன் அடிக்கவில்லை. பக்கத்து ஊரில் நாற்றுக் கேட்டு வாங்கி, பிந்தி நட்டான். குதிரைக்கு வயிறு நிறைந்திருந்தால் வயலில் இறங்காது என்று விடியற்காலையில் புருசனும் பெண்டாட்டியும் படுகைக்குப் போய்ப் புல் அறுத்துக் கொண்டுவந்து போட்டார்கள். அவர்கள் குடிக்கிற கஞ்சியில் ஒரு பங்கை மண்சட்டியில் ஊற்றி வைத்தார்கள். விரட்டக்கூடாது என்றுதான் கட்டுப்பாடு, ஊட்டக்கூடாது என்று நான் போட மறந்துவிட்டேன். பிளந்த குளம்பில் புழு வைத்திருந்தது. அதை நான் பார்த்தேன், ஆனால் நேர்ந்துவிட்ட பிறகு அது என் பொறுப்பு இல்லை. அவன் உட்கார்ந்து புழுவை எடுத்து, வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துக் கட்டினான். என்னைத் தவிர யாரையும் காலைத் தொடவிடாத குதிரை, ஐயா. அவனுக்குத் தூக்கிக் கொடுத்தது.

ஐப்பசியில் அதன் தோல் மினுமினுத்தது. அவன் தலை தெரிந்தால் கனைத்தது. நான் கிட்டே போனால் காதைப் பின்னால் மடக்கிக்கொண்டது.

அப்போதுதான் பண்ணையார் கரைவழியே வந்தார். செவலையைக் கண்டதும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டார். சொன்னேன். கொளஞ்சி வயலில் நின்றான், கும்பிடு போடவில்லை, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சும்மா பார்த்தான். பண்ணையார் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"மனுவ விட்டுடு, கலியமூர்த்தி. அவன் கேக்கிற மாதிரியே எழுதிக் குடுத்துடலாம். குதிரைய இப்படிப் பாத்துக்கிறவன் நெலத்த எப்படிப் பாத்துக்குவான். நீகூட இப்படிப் பாத்துக்கிட்டதில்ல."

அத்தோடு எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்க வேண்டும். அவனுக்கு நிலம், குதிரைக்குப் புல், பண்ணையாருக்கு நிம்மதி. என் தங்கைக்கும் நல்லதுதான். அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். சோறு இறங்கியது. நீகூட இல்லை என்று சொன்னாரே, அந்த ஒரு வார்த்தையைத்தான் மென்றுகொண்டிருந்தேன்.

கார்த்திகையில் கொள்ளிடம் கரையை நக்கிக்கொண்டு ஓடியது. செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து ஊரே மண்வெட்டியும் கழியும் வைக்கோல் பிரியுமாகக் கரைமேல் நின்றது. கரையைக் காப்பது ஐயனார் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. நான் நாள் பார்த்துத்தான் செய்தேன். அதை மறைக்கவில்லை. உச்சிப் பொழுதில், கிழக்கே கசிகிறது என்று சொல்லி அத்தனை பேரையும் அங்கே அனுப்பினேன். கொளஞ்சியும் கூடையோடு ஓடினான்.

பண்ணை வீட்டிலிருந்து கொள்ளு எடுத்து ஊறவைத்து, வெல்லம் இடித்துக் கலந்து, அதில் நெல்லுக்கு அடிக்கிற பூச்சிமருந்தை ஊற்றி எடுத்துப் போனேன். அவர்கள் வைக்கிற அந்தச் சட்டியிலேயே போட்டேன். கஞ்சியில் கலந்திருந்தால் போதும், எனக்கும் தெரியும். ஆனால் நேர்ந்துவிட்ட நாளிலிருந்து அதன் கண்ணில் கொள்ளு படவில்லை. கொள்ளு வாசனை பட்டதும் காதை நிமிர்த்தி, என் பக்கமாக வந்து கனைத்தது. நான் கழுத்தைத் தடவிக்கொடுத்தேன். தின்னுகிறவரைக்கும் பக்கத்தில்தான் நின்றேன்.

பிறகு குமராட்சி ரோட்டுக் கடைக்குப் போய் டீ சொன்னேன். சின்னையன் மூச்சிரைக்க ஓடிவந்து செவலை நுரை தள்ளிக் கிடக்கிறது என்றான். கரைக்கு வந்து, எல்லோரும் கேட்கும்படி நான் பேசியது இவ்வளவுதான்:

"தண்ணி ஏறுது. சாமி குதிரை செத்துக் கெடக்குது. சட்டி யாரு வூட்டுச் சட்டின்னு பாருங்க."

என் கை கொளஞ்சிமேல் படவில்லை. இலுப்பை மரத்தில் வைத்துக் கட்டினார்கள். மண்வெட்டிக் காம்பால் அடித்தார்கள். அடித்தவர்கள் பெயர் வேண்டுமானால் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். அரைமணி நேரம் ஆனபிறகு போதும் என்று நிறுத்தியதும் நான்தான், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததும் நான்தான். ஊர் சாட்சி சொல்லும்.

சிதம்பரத்தில் பார்த்துவிட்டுக் கடலூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பண்ணையார் கார் கொடுத்தார். பின் சீட்டில் அவன் தலை என் மடியில் இருந்தது. மண் சுமந்து முடி போன அந்த இடத்தில் என் கை இருந்தது. புதுச்சத்திரம் தாண்டும்போது கண் திறந்தான்.

"நான் குதிரைக்கு ஒண்ணும் பண்ணல மச்சான். நீயாவது நம்பு."

"நம்புறேன் மாப்ள" என்றேன். அது பொய் இல்லை. அந்த ஊரில் அவனை முழுசாக நம்பக்கூடியவன் நான் ஒருத்தன்தான்.

ஆலப்பாக்கம் வருவதற்குள் முடிந்துவிட்டது.

என் தங்கை அழவில்லை. எல்லோரும் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது அவள் கோயிலடிக்குப் போய் அந்தச் சட்டியை எடுத்துவந்திருக்கிறாள். கழுவவில்லை. அடியில் ஒரு பிடி ஒட்டியிருந்தது. கூட்டத்தில் என் முன்னால் வைத்து, குரலை உயர்த்தாமல், "எங்க வூட்டுல கொள்ளு ஏதுண்ணே" என்றாள். முந்தானையால் அதை மூடிக்கொண்டு குமராட்சி ஸ்டேஷனுக்கு நடந்தாள். இப்போது உங்கள் மேஜைமேல் இருப்பது அதுதான்.

இன்னும் ஒன்று. உங்கள் ஏட்டு இப்போது எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார். குதிரையை விஷம் வைத்துக் கொன்றதாக அதில் ஒரு வரி வருகிறது. அதை அடித்துவிடச் சொல்லுங்கள். கொளஞ்சி சாவுக்கு நான்தான் காரணம், வேண்டுமென்றேதான் செய்தேன், எங்கே காட்டுகிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். செவலை விஷயம் வேறு. டாக்டர் ஊசி போட்டிருந்தால் அது யாரோ ஒருவன் கையால் போயிருக்கும். ஜட்காக்காரன் கையில் அடிபட்டுப் போயிருக்கும், இல்லை புலிக்குப் போயிருக்கும். நான் பக்கத்தில் நின்று, கழுத்தைத் தடவி, வயிறு நிறையக் கொடுத்து அனுப்பினேன். நல்ல ஏற்பாடு பண்ணு என்றுதானே அவரும் சொன்னார். மருந்தை எழுதுங்கள், ஐயா, சட்டியை எழுதுங்கள். அந்தக் கொள்ளு மட்டும் வேண்டாம், எழுதாதீர்கள். அது நான் அதற்குப் பிரியமாக வைத்தது.