செம்பம்மா மறுத்த விலை

தலைமையேற்றுத் தனியழகு சேர்த்திருக்கும் எங்கள் முதலாளி, நாங்கள் செல்லமாய்ச் செம்பம்மா என்றழைக்கும் அம்மையாரே! கணக்கைக் கட்டிக்காக்கும் அவர்தம் தம்பியே! முன்வரிசைப் பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் பங்கைப் பெட்டியிலும் வைத்திருக்கும் தாய்மார்களே! உலை முன்னே உருகாத தொழிற்சங்கத் தோழர்களே! உங்கள் செயலாளரின் வணக்கம்!

நம் மின்கம்பி நிறுவனம் பங்குச்சந்தையில் கால்வைத்து ஆண்டு ஒன்று. அதற்கு முன் மாடியறையில் நடந்ததைச் சொல்லட்டுமா? தொழிலாளர்க்கும் பங்கு என்பதால் நானும் இருந்தேன். கீழே இயந்திரம் ஓட ஓட, மேசைமேல் கோப்பைகள் கிடுகிடுத்தன.

ஆறு மாதம் கழித்து வாங்கும் செம்புக்கு இன்றே விலை பேசி முடிப்பது அம்மாவின் வழக்கம். பங்குக்கு விலை குறிக்க வந்த மதிப்பீட்டாளர் சொன்னார்: "செம்பு இறங்கிட்டே இருக்கும்மா. அந்த ஒப்பந்தத்தை விட்டுடுங்க. லாபம் எகிறும், பங்கு விலையையும் தூக்கி வைக்கலாம்."

தம்பியும் சேர்ந்துகொண்டார். "ஆமாக்கா, நாம மட்டும் ஏன் பழைய விலையைக் கட்டிக்கிட்டு அழணும்?"

"ஏறினா?"

"ஏறாதுக்கா."

"எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவியா?"

தம்பி கூரையைப் பார்த்தார். அம்மா மதிப்பீட்டாளர் பக்கம் திரும்பினார்.

"நாங்க கம்பி செய்யறவங்க. பந்தயத்துல வர்ற காசை உழைப்புல வந்ததுன்னு சொல்லி யார் தலையிலயும் கட்ட மாட்டேன். பங்கு விலையைக் குறைச்சே போடுங்க."

குறைத்தே போட்டார்கள். சந்தையில் முதல் நாளே பங்கு அதற்கும் கீழே விழுந்தது! முணுமுணுக்காதவர் யார்? அங்கே சிரிக்கிறாரே கிரேன்காரர், என் சட்டையையே பிடித்தார்! (இல்லை என்று தலையாட்டாதீர்கள், பித்தான் போனது என்னுடையது!)

பிறகு எங்கோ ஒரு செம்புச் சுரங்கம் மூடப்பட்டது. செம்பு விலை சீறியது! சுற்றிலும் எத்தனை ஆலைகள் கதவடைத்தன! நம் கதவு அடைபட்டதா? நம் சக்கரம் நின்றதா? அம்மா முன்பே பேசி முடித்த விலைக்கே நமக்குச் செம்பு வந்தது! புது மருத்துவமனைக்கு ஒப்புக்கொண்ட கம்பி, ஒப்புக்கொண்ட விலையில், ஒரு சுருள் குறையாமல் போய்ச் சேர்ந்தது. அதைக் கண்டு சந்தையும் நம்மை நம்பியது, பங்கு ஏறியது.

அன்று தம்பி ஆலைக்குள் ஓடி வந்தார். "அக்கா, அடுத்த ஆறு மாசத்துக்கும் நானே விலை பேசி முடிச்சுட்டேன்!" இயந்திர இரைச்சலில் அம்மா சொன்னது கேட்கவில்லை. சிரித்தது தெரிந்தது.

தோழர்களே! நாளைய விலை நமக்குத் தெரியாது. தெரியாததற்கு அஞ்சி ஒடுங்கவும் வேண்டாம். தெரிந்ததுபோல் ஆடவும் வேண்டாம். ஆயத்தமாய் இருப்போம்! அடுத்த வாரம் இரண்டாம் ஆலைக்கு அடித்தளம் தோண்டுகிறோம், குடும்பத்தோடு வாருங்கள். பொறுமையாய்க் கேட்ட செவிகளுக்கும் பொறுத்திருந்த நெஞ்சங்களுக்கும் நன்றி சொல்லி, கைகூப்பி அமர்கிறேன். வணக்கம்!