ஹாஜிராவை விட்டுப் போன ரயில்

சங்கு ஊதுகிறது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி. மில் சங்கு ஒரே மூச்சாக ஊதும். இது அதுவல்ல, விமானம் வருகிறது என்று எச்சரிக்கும் சங்கு. பிளாட்பாரத்தில் கால் வைக்க இடமில்லை.

நாற்பத்திரண்டாம் வருஷம், சித்திரை. உச்சி வெயில். ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்று ராயபுரமே காலியாகிறது. என் புருஷன் காதர் தன் தங்கை ஹாஜிராவை முதுகில் சுமந்து நிற்கிறார். அவளுக்குப் பத்தொன்பது வயது. சிறு வயதுக் காய்ச்சலில் இரண்டு காலும் சூம்பிப்போனவள். எனக்கு வயிற்றில் ஆறு மாதம்.

"பிளேன் வந்துகினு கீது! ஏறு, ஏறு!"

கூட்டம் தள்ளுகிறது. காதர் ஹாஜிராவைத் தூணடியில் இறக்கினார். "இங்கியே குந்து. இவள ஏத்திட்டு தோ வந்துட்றேன்." என்னைத் தூக்கிப் பெட்டிக்குள் திணித்தார். படியில் அவரும் ஏற வேண்டியதாயிற்று. வண்டி அசைந்தது. குதிக்கத் திரும்பினார். நான் சட்டையைப் பிடித்தேன். இரண்டு கையாலும். தோளில் கிழிந்தது. விடவில்லை.

"அண்ணே! அண்ணி! என்னெ உட்டுட்டுப் போறீங்களே!"

கூட்டம் அவள்மேல் மூடிக்கொண்டது. பிறகு சக்கரச் சத்தம் மட்டும்.

முந்தின வாரம்வரை நாங்கள் வாழ்ந்தோம். சாயங்காலம் டிராம் மணி கேட்டதும் ஜன்னலுக்குப் போவோம். முதலில் இறங்குவது யார் என்று பந்தயம். தோற்றவள் மற்றவளுக்குத் தலை பின்ன வேண்டும். ஹாஜிரா ஏமாற்றுவாள். டாக்கிப் படம் பார்த்துவிட்டு வந்து நான் கதை சொல்ல வேண்டும். ஒரு பாட்டை விட்டாலும் சண்டை. "நீ தூங்கிட்டே அண்ணி, எனக்குத் தெரியும்."

வண்டி பல மைல் தள்ளித்தான் நின்றது; அந்த ஸ்டேஷனில் காதர் குதித்தார். தண்டவாளத்தோடு திரும்பி ஓடினார். போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. தூணடியில் கோணிப்பை மூடிக் கிடந்தாள். போர்ட்டர் சொன்னாராம்: "மெதிச்சிட்டாங்க நைனா. கொஞ்ச நேரம் உசிரு இருந்துச்சி. எங்கண்ணன் வந்துடுவாருன்னு சொல்லிகினே இருந்துச்சி."

சில நாள் கழித்து நான் ராயபுரம் திரும்பியபோது காதர் வாசலில் நின்றார். "அடக்கம் பண்ணிட்டேன்" என்றார். நான் சட்டையைப் பிடித்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அடித்திருக்கலாம்.

இப்போது டிராமும் இல்லை. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். எங்கள் தெருவில் இருக்கிற பெண்கள் ஏங்குகிறார்கள். "அந்தக் காலம் மாதிரி வருமா?" என் மகளும் கேட்கிறாள், எப்படிம்மா இருக்கும் என்று. நன்றாக இருந்தது என்கிறேன். அவளிடம் அதற்கு மேல் சொன்னதில்லை. இங்கேதான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

அன்று விமானம் வரவில்லை. குண்டு விழவில்லை. எங்கள் தெருவில் ஓர் ஓடுகூட உடையவில்லை. செத்தது ஒருத்தி. ஹாஜிரா. எத்தனை மணிக்கு என்று யாருக்கும் தெரியாது. இன்னொன்றும் கணக்கில் சேர வேண்டும். என் பெயர் மரியம். அன்றிலிருந்து என் புருஷன் ஒரு தடவைகூட அதைச் சொல்லி என்னைக் கூப்பிட்டதில்லை.